மலையின் வேரை அளந்த தையல்நாயகி

செய்தி வந்தபோது நான் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் ஏழுமலையின் பெயர் தெரிந்தது. பேராசிரியர் தையல்நாயகியின் தம்பி அவர். கடலூர் தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருப்பவர். காலை வேளையில் அவர் அழைத்தால், "அக்கா வஞ்சிரம் எடுத்து வச்சிருக்காங்க, வந்து வாங்கிட்டுப் போவீங்களாம்" என்பார். அன்றைக்கு அவர் சொன்னது வேறு.

"சார், அக்கா போயிட்டாங்க சார். டீ குடிச்சிட்டுப் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கூப்புட்டா திரும்பல."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலின் ஒரு பக்கம் அவரைத் 'தையலக்கா' என்று கூப்பிட்டவர்கள். அன்றைக்கு அந்தக் கரையில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. இன்னொரு பக்கம் அவரைத் 'தையல் மேடம்' என்று கூப்பிட்டவர்கள். எங்கெங்கோ வேலை பார்க்கும் பழைய மாணவர்கள், அண்ணாமலை நகரின் பேராசிரியர்கள். இரண்டு பக்கத்தாருக்கும் ஒருவரையொருவர் அதிகம் தெரியாது. ஏழுமலை என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"டிவிக்காரரு ஒருத்தரு வந்து கேக்குறாரு சார், உங்க அக்கா என்னா கண்டுபுடிச்சாங்கன்னு. பூகம்பத்தப் பத்தி ஏதோ செஞ்சாங்கன்னு சொன்னேன். அது போதுமா? கரெக்டா என்னா சார் அது?"

"போதாது ஏழுமலை. நான் எழுதித் தரேன்" என்றேன்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரோடு மலை ஏறியவர்களுக்கும், அவர் வீட்டு வாசலில் நின்று கதை பேசியவர்களுக்கும் சேர்த்து.

அவர் செய்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இமயமலையின் ஒரு பகுதிக்கு அடியில் பூமியின் மேலோடு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று அளந்தார். நாம் நிற்கும் பாறை ஓடு, நம் சமவெளிகளுக்கு அடியில் ஏறக்குறைய முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர். அதற்குக் கீழே வேறு வகைப் பாறை. உயர்ந்த மலைகளுக்கு அடியில் அந்த ஓடு கிட்டத்தட்ட இரு மடங்காகத் தடித்துக் கீழே இறங்கியிருக்கும். மேலே தெரியும் மலையைத் தாங்குவது அந்த வேர்தான். அதைத் தோண்டிப் பார்க்க முடியாது. மனிதன் போட்ட மிக ஆழமான துளைகூடச் சமவெளி ஓட்டின் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டியிருக்கிறது. ஆகவே வேறு வழியில் கேட்டறிய வேண்டும். தையல் மேடம் அப்படிக் கேட்டறிந்தவர். அவர் கேட்டது சரியாகவும் இருந்தது.

மீனவர் வீட்டில் பிறந்து, கடலூரில் பள்ளிப்படிப்பை முடித்து, அண்ணாமலை நகரில் நிலவியல் படித்து, வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, படித்த துறைக்கே பேராசிரியராகத் திரும்பி வந்தார். நேர்முகத் தேர்வில் ஒருவர், "கடற்கரையிலிருந்து வந்திருக்கிறீர்கள், மலையைப் பற்றி ஏன் ஆராய்கிறீர்கள்?" என்று கேட்டாராம். "கடலத்தான் தெனம் பாக்குறேனே சார்" என்று பதில் சொன்னதாக அவரே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் அப்போது இயற்பியல் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, "இங்க குமார்ங்கிறது யாரு? கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுவாராமே?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். "நாளைக்கு நெல்லிக்குப்பம் போறோம். மதியச் சாப்பாடு நான் கொண்டாரேன்." தான் யார் என்பதை அவர் சொல்லவே இல்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நெல்லிக்குப்பத்தில் அவருடைய தோழி ஒருத்தியின் கணவருக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. மலைக்குக் கொண்டுபோகப் போகும் நில அதிர்வுமானிகளை அங்கே புதைத்துச் சோதித்தோம். மத்திய நிறுவனம் ஒன்று அவற்றை இரவலாகக் கொடுத்திருந்தது. ஒரு குழி வெட்டி, அடியில் சிமெண்டுத் தளம் போட்டு, உருளை மாதிரி இருந்த கருவியை அதன் மேல் சமமாக வைத்து மூடினோம். தோட்டக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா இது? தண்ணி பாக்குற மெஷினா?"

"இல்லண்ணா. பூமி ஆடுனா எழுதிக்கும்."

"நம்ம ஊரு எங்க ஆடுது?"

தையல் மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழியிலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஒரு குதி குதித்தார். மடிக்கணினித் திரையில் கோடு சடாரென்று எழும்பி அடங்கியது. தோட்டக்காரருக்கு நம்ப முடியவில்லை. தானும் குதித்துப் பார்த்தார். அவர் உடம்புக்குக் கோடு இன்னும் உயரமாக எழும்பியது. "உங்க கோடு ஜாஸ்தி எழும்புது பாருங்க" என்று மேடம் சொல்ல, தோட்டமே சிரித்தது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்கள், மாட்டு வண்டிகள், மோட்டார் கொட்டகை எல்லாம் அந்தக் கோட்டில் வந்து விழுந்தன. அவற்றைச் சளைக்காமல் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். "எது எது சத்தம் போடுதுன்னு தெரிஞ்சிக்க குமாரு. தெரியாத சத்தத்தத் தூக்கிப் போடாத. அது யாருதுன்னு மொதல்ல கேளு."

மலைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அவரும் நானும், ஆய்வு மாணவி பரிமளாவும். இமயத்தின் கிழக்குப் பகுதியில், தெற்கே கீழிருந்து வடக்கே மேலாக ஒரு கோடு போட்டதுபோல் ஊர் ஊராகக் கருவிகளைப் புதைத்துக்கொண்டே போக வேண்டும். பள்ளிக்கூடங்கள், உருளைக்கிழங்குக் கிடங்கு, ஒரு மடாலயத்தின் பின்கட்டு என்று இடம் கிடைத்தது. சமதளத்தில் நடந்தால் எங்களை முந்துபவர், ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். நின்ற இடத்தில் யாராவது வந்தால் அவர்களோடு இந்தியில் பேச்சுக் கொடுப்பார். கடலூர்த் தமிழின் ராகம் அப்படியே இருக்கும் இந்தி அது. யாருக்கும் புரியாமல் போனதில்லை.

மேல் கோடியில் இருந்த ஊரின் பள்ளி ஆசிரியர் பெயர் டோர்ஜி. தன் பள்ளியின் ஓர் அறையை விட்டுத்தர ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசினார். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வி முக்கியமானது. "இந்த மெஷினை வைத்தால் நிலநடுக்கம் வருவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுமா?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அறை கிடைத்திருக்கும். அந்த ஊர் ஏற்கெனவே ஒரு நிலநடுக்கத்தில் வீடுகளை இழந்திருந்தது. எல்லாரும் அந்த ஒரு பதிலுக்காகத்தான் வந்திருந்தார்கள்.

"சொல்லாது" என்றார் தையல் மேடம். "வரப்போறத இது சொல்லாது. கீழ என்ன இருக்குன்னு சொல்லும். அது தெரிஞ்சா, எந்த எடத்துல எப்பிடி வீடு கட்டலாம்னு ஒருநாள் நல்லாச் சொல்ல முடியும். அந்த ஒருநாள் எப்பன்னு எனக்குத் தெரியாது."

கேள்வி கேட்டவரே எழுந்து, "இதுவரைக்கும் இங்கே வந்தவர்களில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். அறை கிடைத்தது. கருவிக்குச் சூரியத் தகடு பொருத்தப் பள்ளிக்கூடக் கூரையில் டோர்ஜியே ஏறினார். வேலை முடிந்து கிளம்பும்போது மேடம் ஊராரிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். முடிவு தெரிந்ததும் நேரில் வந்து சொல்வதாக.

இனி அளக்கும் முறையைச் சொல்ல வேண்டும். அதை அவர் தன் தம்பிக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏழுமலை, "அம்மாம் ஆழத்துல இருக்கிறத எப்பிடிக்கா மேல இருந்தே பாப்ப?" என்று கேட்டார்.

"எங்கேயோ தூரத்துல பெருசா நெலம் அதிருது, ஜப்பான் பக்கம்னு வையி. அந்த அதிர்வு பூமிக்குள்ள புகுந்து மலைக்கு அடியில வந்து முட்டுது. ஓட்டோட அடிப்பக்கத்துல முட்டும்போது ரெண்டாப் பிரியுது. ரெண்டு படகு ஒரே எடத்துல இருந்து ஒரே நேரத்துல கெளம்புன மாதிரி. ஒன்னு வேகமா வருது, இன்னொன்னு மெதுவா வருது. நீ கரையில நிக்கிற. ஒன்னுக்குப் பின்னாடி இன்னொன்னு எம்மாம் நேரம் கழிச்சு வந்துச்சுன்னு பாக்குற. அவுங்க கெளம்புன எடம் எம்மாம் தூரம்னு சொல்லிட மாட்ட?"

"படகோட வேகம் தெரிஞ்சா சொல்லிடலாம்" என்றார் ஏழுமலை.

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அங்கதான் குமாரு நம்மள மடக்குவாங்க."

அப்படியே மடக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, எங்கள் வேலையை மதிப்பிடும் குழுவின் முன்னால் அவர் முதல் முடிவுகளை வைத்தார். ஒரு குறிப்பிட்ட மலைமுகட்டுக்கு அடியில் வேர், அப்போது எல்லாரும் பயன்படுத்திய வரைபடம் காட்டியதைவிட நன்றாகக் கீழே இறங்கியிருக்கிறது. அதற்கு வடக்கே சட்டென்று மேலேறிவிடுகிறது என்பது அவர் கண்டது. அந்த வரைபடத்தைப் போட்ட மூத்த விஞ்ஞானியே குழுவில் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கடுமையானவர், ஆனால் நேர்மையானவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பெரியவர் என்றே சொல்கிறேன்.

"அம்மா, பாறைக்குள்ளே அலை என்ன வேகத்துல போறதுன்னு நீங்க அனுமானம்தான் பண்ணியிருக்கேள்" என்றார் பெரியவர். "அனுமானத்தைக் கொஞ்சம் மாத்தினா உங்க வேர் மேலே வந்துடும். என் கோடு சரியாயிடும். அது மட்டுமில்லை, உங்க பதிவெல்லாம் ஒரே இரைச்சல்."

கேட்டது நியாயமான கேள்விதான். அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. அடுத்த களப்பணிப் பருவம் முடிந்ததும் கருவிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கருவிகள் போனால் வேலை அங்கேயே நின்றுபோகும். பரிமளாவின் ஆய்வுப் பட்டமும் அந்தரத்தில் தொங்கும். திரும்பி வந்த ரயிலில் பரிமளா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மேடம் அவள் தோளைத் தட்டி, "அவரு நம்மள திட்டல. நம்மகிட்ட இல்லாதத ஒன்னு காட்டியிருக்காரு. வேகம் வேணும். வேகத்தக் கண்டுபுடிப்போம்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் வங்கக் கடலில் புயல் உருவானது. தேவனாம்பட்டினத்தில் படகுகளையெல்லாம் மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை விட்டார்கள். நான் வீட்டில் இருந்தபோது மேடம் போனில் கூப்பிட்டார். காற்றுச் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"குமாரு, மலையில இருந்து வந்த போன வருஷப் பதிவ எடு. போன வருஷம் புயல் அடிச்ச வாரத்த மட்டும் பாரு. எந்த எடத்துல இரைச்சல் ஏறுதுன்னு பாத்துச் சொல்லு."

எடுத்துப் பார்த்தேன். எல்லா ஊரிலும் ஏறியிருந்தது. கீழ் ஊரில் ஏறி, மேல் ஊரிலும் ஏறி, புயல் கரை கடந்த பிறகு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தணிந்திருந்தது. அவரிடம் சொன்னேன். மறுமுனையில் அவர் சத்தமாகச் சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

"அது இரைச்சல் இல்லடா. அது நம்ம கடலு! இங்க அடிக்கிற அலை அம்மாம் தூரம் போயி மலைய ஆட்டுது. அந்த ஆட்டத்துலயே வேகம் இருக்குது!"

என்னை அவர் 'டா' போட்டுப் பேசியது அந்த ஒரு முறைதான்.

கடல் அலைகளின் இரைச்சலைக் கொண்டு பூமியின் உள்ளே அலை ஓடும் வேகத்தை அறியும் முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. உலகில் வேறு சிலர் ஏற்கெனவே செய்திருந்தார்கள்; அதை அவரும் படித்திருந்தார், நானும் படித்திருந்தேன். எங்கள் பதிவில் இருந்த இரைச்சல் அதற்கு உதவும் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றாமல் இருந்தது. இரண்டு ஊர்களில் பதிந்த இரைச்சலை மாதக்கணக்கில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கூட்டிக்கொண்டே போனால், ஒழுங்கில்லாதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு ஊர்களுக்கும் இடையே உண்மையாக ஓடிய அலை மட்டும் மிஞ்சும். அதிலிருந்து ஒவ்வோர் ஆழத்திலும் வேகம் என்ன என்று கணக்கிடலாம். அதற்கு இடைவிடாத பதிவு வேண்டும். நல்லவேளையாக அது இருந்தது. நிலநடுக்கம் வந்த நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள், கணினி வட்டில் இடமில்லை என்று பலர் சொன்னபோதெல்லாம் அவர் மறுத்திருந்தார்.

புயல் ஓய்ந்து பல்கலைக்கழகம் திறந்ததும் வேலை தொடங்கியது. எங்கள் துறையின் கணினிக் கூடத்தைக் கேட்டு வாங்கினோம். மாணவர்கள் ஊருக்குப் போயிருந்த விடுமுறை நாட்களில் அத்தனை கணினிகளையும் ஒன்றாக ஓடவிட்டோம். கணக்கை நான் எழுதினேன். பரிமளா பதிவுகளைச் சுத்தம் செய்தாள். மின்சாரம் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பிக்கும்போதெல்லாம் மேடம், "இருக்கட்டும். மலை எங்கேயும் போயிடாது" என்பார்.

ஒரு பிற்பகல். கீழ் ஊருக்கும் டோர்ஜியின் ஊருக்கும் இடையேயான கூட்டல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வெறும் கிறுக்கலாக இருந்த கோடு, மாதம் மாதமான பதிவுகள் சேரச் சேர நடுவில் மட்டும் மெல்ல எழும்ப ஆரம்பித்தது. முதலில் எனக்குக் கண்ணில் படவில்லை. பரிமளாதான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "மேடம், எழும்புது!" மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கோடு அழகாக எழும்பி, தொடர் தொடராகச் சுருண்டு அடங்கியது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மலையின் உள்ளே ஓடிய அலை. எங்கள் கண்முன்னால்.

மூன்று பேரும் ஒன்றாகக் கூவிவிட்டோம். பிறகு மேடம் பரிமளாவைக் கட்டிக்கொண்டார். கூடத்தின் காவலர் சத்தம் கேட்டு ஓடிவந்து, "என்னா மேடம் ஆச்சு?" என்று பதறினார். "பாஸாயிட்டோம்ணே!" என்றார் மேடம். அன்று மாலை எங்கள் இருவரோடு அந்தக் காவலரையும் அழைத்துப் போய்ச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் வாங்கிக் கொடுத்தார். எதற்குத் தேர்வு எழுதினோம் என்பது காவலருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனாலும் அவர்தான் எல்லாரையும்விட மகிழ்ச்சியாக இருந்தார்.

வேகம் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு பழைய கணக்கைத் திரும்பப் போட்டோம். வேர் மேலே வரவில்லை. முன்னால் சொன்ன ஆழத்திலேயே உறுதியாக நின்றது.

இங்கே ஒரு சராசரி மனிதர் என்ன செய்வார்? கட்டுரையை எழுதி வெளியிட்டுவிட்டுப் பெரியவர் அதைப் படிக்கட்டும் என்று காத்திருப்பார். நானும் அதைத்தான் சொன்னேன். தையல் மேடம் பெரியவருக்குப் போன் போட்டார். "சார், பதில் கெடைச்சிருக்குது. ஆனா நீங்க பாக்காம வெளிய விட எனக்கு மனசில்ல. சிதம்பரம் வர முடியுமா?"

பெரியவர் வந்தார். கையில் ஒரு மடிக்கணினி, உடன் யாரும் இல்லை. கணினிக் கூடத்தில் நானும் பரிமளாவும் காத்திருந்தோம். விளக்கப் படங்களெல்லாம் தயாராக இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட மேடம் காட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். எங்க கணக்கு வேணாம். பதிவு முழுசும் இதுல இருக்குது. உங்க புரோகிராம்லயே நீங்களே போட்டுப் பாருங்க."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாத்தையுமா தரேள்?"

"எல்லாத்தையும்தான். எங்களுக்குப் புடிக்காததும் அதுக்குள்ளதான் இருக்குது."

அவர் உட்கார்ந்தார். அன்று போட ஆரம்பித்தவர் மறுநாளும் போட்டார். இடையில் ஒரு கேள்வி கேட்டார். "உங்க கடல் தெற்கே இருக்கு. இரைச்சல் ஒரே பக்கத்திலேர்ந்துதான் வரும். அதனால வேகம் தப்பா வரலாமே?"

"வரலாம் சார். அதனாலதான் எங்க கோட்டுல நேர் தெக்கு வடக்கா இருக்குற ஊருங்கள மட்டும் தனியா வச்சிருக்கோம். அலை அந்தக் கோட்டோடவே ஓடும். வேணும்னா நீங்களே ஊருங்களப் பொறுக்கிக்கோங்க."

அவர் தனக்குப் பிடித்த ஊர்களைப் பொறுக்கிக்கொண்டார். வேண்டுமென்றே நாங்கள் சந்தேகப்பட்ட பதிவுகளை எடுத்தார். நாங்கள் விட்ட மாதங்களைச் சேர்த்தார். எங்களைப் பிழைபட்டவர்களாகக் காட்ட ஒரு நல்ல விஞ்ஞானி என்னென்ன செய்வாரோ அத்தனையும் நேர்மையாகச் செய்தார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் வருவதும், உள்ளே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன்.

மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன்னால் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய திரையில், அவருடைய கணக்கில், அந்த முகட்டுக்கு அடியில் வேர் கீழே இறங்கியிருந்தது. எங்கள் கோட்டின் மேல் அவர் கோட்டை வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"என் கோட்டை அழிச்சுட்டேள் அம்மா" என்றார். குரலில் வருத்தம் இல்லை. முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல மலர்ந்திருந்தது.

"உங்க கோடும் இல்ல, எங்க கோடும் இல்ல சார். மலையோட கோடு" என்றார் தையல் மேடம்.

பெரியவர் எழுந்து, பரிமளாவைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் பதறிப்போய் அவர் காலைத் தொட்டாள். அதற்கப்புறம் நடந்தது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த குழுக் கூட்டத்தில் கருவிகளைத் திருப்பி வாங்கக் கூடாது என்று வாதாடியவர் அந்தப் பெரியவர்தான். கருவிகள் மலையிலேயே இருந்தன. இன்னும் சில ஊர்களுக்குப் பரவவும் செய்தன. பரிமளா முனைவரானாள். இப்போது அவளே ஒரு குழுவை நடத்துகிறாள். பிற்பாடு எங்களைவிடப் பெரிய குழு ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளோடு அதே மலைக்குப் போனது. அவர்கள் கண்ட வேரும் அங்கேயேதான் இருந்தது. பாடப் புத்தகத்தில் அந்தப் பகுதியின் படம் மாறிவிட்டது. இன்றைக்கு மாணவர்கள் தேர்வில் வரையும் அந்த வளைவை முதலில் பார்த்தது அண்ணாமலை நகரின் ஒரு கணினிக் கூடத்தில்.

வாக்குக் கொடுத்தபடி அவர் டோர்ஜியின் ஊருக்குத் திரும்பப் போனார். அப்போது மூட்டு வலி தொடங்கியிருந்தது. கடைசி ஏற்றத்தில் ஊர்க்காரர்கள் இருவர் வந்து கைத்தாங்கலாக ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. மேடம் தான் கொண்டுபோயிருந்த பெரிய படத்தைச் சுவரில் மாட்டினார். மேலே அவர்களுடைய மலை சின்னதாக இருந்தது. கீழே அதன் வேர், மலையைப்போலப் பல மடங்கு பெரிதாக இறங்கியிருந்தது.

டோர்ஜி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊராரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நாம் இத்தனை நாளாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பது மலையின் தலைமுடியில்தான் என்று சொன்னேன்" என்றார். தையல் மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். மூட்டு வலியை மறந்து, ஊர்ப் பெண்கள் ஆடிய வட்டத்தில் கைகோத்து நின்றார். அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அந்த ஊரில் புதிய பள்ளிக் கட்டடம் எழுந்தபோது, பொறியாளர்கள் எங்கள் பதிவுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர் சொன்ன 'ஒருநாள்' அவர் உயிரோடிருக்கும்போதே கொஞ்சமாவது வந்துவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு அவர் தேவனாம்பட்டினத்துக்கே போய்விட்டார். பாராட்டு விழாக்களுக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். யாராவது ஆய்வு மாணவர் கணக்கில் மாட்டிக்கொண்டால் உடனே வருவார். எங்கள் துறையில் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அவருக்கும் பெருமை நிறைய உண்டு. ஆனால் அது தன்னைப் பற்றியதாக இருக்காது. "கடலூர் அலை இமயமலைய ஆட்டுது, தெரியுமா?" என்று மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வார் என்று ஏழுமலை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏழுமலை, உங்கள் அக்கா என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டீர்கள். ஒரு மலையின், உலகம் பார்த்திராத அடிப்பாகத்தைக் கண்டுபிடித்தார். பலரும் தப்பென்று நினைத்ததைச் சரியென்று நிறுவினார். நிறுவும் வேலையை, தப்பென்று சொன்னவர் கையிலேயே கொடுத்தார். டிவிக்காரர்கள் மறுபடி வந்தால் இதைச் சொல்லுங்கள்.

எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. அவர் போய்ச் சில நாட்களுக்குப் பிறகு, மங்கலம்பேட்டையிலிருந்து வந்து படிக்கும் முதலாண்டு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் தயங்கி நின்றாள். நான் வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கில் ஒரு படி இடிக்கிறது என்று சொல்ல வந்திருந்தாள். பயத்தில் அவளுக்குப் பாதி வாக்கியம்தான் வந்தது. நான் எழுந்து, சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து என் கணினி முன்னால் போட்டேன்.

"உக்காரும்மா" என்றேன். "எல்லாம் இதுல இருக்கு. நீயே போட்டுப் பாரு."